எரிமலையில் பெண் எடுக்க வந்தவர்கள்

என் அக்கா மகளின் கல்யாணப் பத்திரிகையில் மூன்று ஓட்டைகள் விழுந்தன. மூன்றையும் போட்டவன் நான்தான்.

அச்சகத்திலிருந்து மாதிரிக்கு வந்த பத்திரிகை அது. மூலைகளில் மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்திருந்தார்கள். அது என் கைக்கு எப்படி வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. நான் பூகோளம் சொல்லிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு தாள் இல்லாவிட்டால் எனக்குப் பாடம் வராது.

முதல் ஓட்டை மாப்பிள்ளையின் பெயரில் விழுந்தது. இரண்டாவது முகூர்த்த நேரத்தை விழுங்கியது. மூன்றாவது 'தாய்மாமன்' என்று போட்டு என் பெயர் இருந்த இடத்தில். அந்த ஒன்றில் மட்டும் ஏதோ நியாயம் இருந்தது.

மஞ்சள் கருகினால் என்ன வாசனை வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சமையல்கட்டில் குக்கர் ஒரு விசில் அடித்தது.

மாப்பிள்ளையின் அத்தை பழனியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, மலை எரியாதுன்னு காட்டறேன்னு சொல்லிப்போட்டுப் பத்திரிகையை எரிச்சுப்போட்டீங்களே!"

இது எங்கே ஆரம்பித்தது

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் ஏற்காட்டில் பூகோள ஆசிரியன். அக்கா சரசு பக்கத்தில் கொட்டச்சேட்டில் இருக்கிறாள். மச்சான் அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது அவர் உத்தியோகம். அதனால் வீட்டிலும் எல்லோரையும் முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

எங்கள் முன்னோர் கீழ்நாட்டிலிருந்து காப்பி நட மலை ஏறினவர்கள். எப்போது ஏறினார்கள் என்பதில் அக்காவுக்கும் எனக்கும் இன்னும் சண்டை தீரவில்லை. ஏறினவர்கள் இறங்கவில்லை என்பதில் மட்டும் ஒத்துப்போவோம்.

அக்காவின் ஒரே மகள் பூங்கொடி. கரடியூர் போகும் வழியில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பில் வேலை பார்த்தாள். அவளுக்குச் சேலத்தில் வரன் அமைந்தது. பையன் தினேஷ், அம்மாப்பேட்டைப் பக்கம் பிரிட்ஜ் மெக்கானிக் கடை வைத்திருந்தான். சின்ன வயதிலேயே தாயை இழந்தவன். அத்தை பழனியம்மாள்தான் வளர்த்தார். ஆகவே அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

இதில் பூகோளம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அது ரிசார்ட் முதலாளியின் ஜீப்பில் வந்தது.

போர்வெல் முதலாளி கண்டுபிடித்த எரிமலை

முதலாளி ஒரு காலத்தில் திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி ஓட்டிச் சம்பாதித்தவர். வடக்கே பல மாநிலங்களில் துளை போட்டுவிட்டு, கடைசியில் ஏற்காட்டில் நிலம் வாங்கி ரிசார்ட் கட்டினார். ரிசார்ட் நன்றாகத்தான் இருந்தது. ஆள்தான் வரவில்லை.

ஏற்காட்டில் வியாபாரம் செய்ய ஒரு கதை வேண்டும். இங்கே 'வீட்டில் செய்த' சாக்லேட் சேலத்திலிருந்து பஸ் ஏறி வருகிறது. தைல பாட்டிலில் இருக்கும் இலைப் படம் மட்டும்தான் இந்த ஊர். முதலாளியிடம் கதை இல்லை. அதைத் தேடி வெளிநாட்டுத் தீவு ஒன்றுக்குச் சுற்றுலா போனார். அங்கே எரிமலை இருந்தது. திரும்பி வந்ததும் என் வீட்டுக்கு வந்தார்.

"சார், அங்க புகைக்கு டிக்கெட் போட்டு விக்கிறானுங்க சார்! வெறும் புகைக்கு! நம்ம மலையும் எரிமலைதானுங்களே?"

"இல்லீங்க" என்றேன்.

"ஒரு காலத்துல இருந்திருக்கலாமுல்லீங்க?"

"இருந்திருக்காதுங்க."

"இல்லைன்னு யாராச்சும் கூட இருந்து பார்த்தாங்களா?"

பொறுமையாக விளக்கினேன். சேர்வராயன் மலையின் கல் எரிமலையிலிருந்து வழிந்த கல் அல்ல. நினைத்துப் பார்க்க முடியாத காலத்துக்கு முன், பூமியின் வெகு ஆழத்தில், அழுத்தத்திலும் சூட்டிலும் வெந்து இறுகியது. அதற்கு மேலே இருந்ததெல்லாம் கரைந்து போனதால் இன்றைக்கு வெளியே நிற்கிறது. ஏரியும் எரிமலை வாய் அல்ல, பள்ளத்தில் தேங்கிய தண்ணீர்தான்.

முதலாளி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். அதிலிருந்து இரண்டே சொல்லை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் ரிசார்ட் வாசலில் பலகை நின்றது: 'எரிமலையின் மடியில் ஓர் இரவு.' அடியில் சின்ன எழுத்தில்: 'சூட்டில் வெந்த மலை என்று பூகோள நிபுணர்கள் கருதுகிறார்கள்.'

ஊரில் பூகோளம் படித்தவன் நான் ஒருத்தன்தான். 'நிபுணர்கள்' என்று பன்மையில் போட்டது மரியாதைக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ரிசார்ட் ஹோட்டலில் லாவா தோசை போட்டார்கள். காரச் சட்னி தடவிய தோசைதான் அது. மேக்மா சிக்கன் என்று ஒன்றும் இருந்தது. அதைச் சாப்பிட்டவர்கள் மறுநாள் காலையில் எரிமலையை நம்பினார்கள். ரிசார்ட்டை ஒட்டியிருந்த பள்ளத்துக்குள் சிவப்பு விளக்குகள் பொருத்தப்பட்டன. விடியற்காலையில் மூடுபனி எழும்பும்போது விளக்கைப் போடுவார்கள். பனி சிவந்து புகை மாதிரி கிளம்பும். விருந்தினர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பயந்தபடி படம் எடுப்பார்கள்.

அதைக் கதையாகச் சொல்லும் வேலை பூங்கொடிக்கு. தீ நிறத்தில் சேலை கட்டிக்கொண்டு, கணீர் என்ற குரலில் சொல்வாள். "எப்ப வெடிக்கும்?" என்று கேட்டால், "உங்க செக் அவுட்டுக்கு அப்புறமுங்க" என்பாள். கைதட்டல் விழும்.

"கண்ணு, உனக்கு உறுத்தலையா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நீங்க பாடம் சொல்லும்போது எல்லாரும் தூங்கறாங்க மாமா. நான் சொல்லும்போது முழிச்சிருக்கறாங்க" என்றாள்.

புகை கீழே இறங்கியது

வந்த விருந்தினர் ஒருவர் தன் வீடியோவில் சிவப்பை இன்னும் கொஞ்சம் ஏற்றி, 'கண் விழித்தது ஏற்காடு எரிமலை' என்று போட்டுவிட்டார். அது எல்லாக் குடும்பங்களின் போனுக்கும் போய்ச் சேர்ந்தது.

பால் வண்டிக்காரர் மேலே வரலாமா என்று போன் பண்ணிக் கேட்டார். துபாயில் இருக்கும் ஒருவர், அப்பா அம்மாவை உடனே கீழே இறங்கச் சொன்னார். "பஸ் இருந்தா இறங்கறோம்" என்று அவர்கள் பதில் சொன்னார்கள். ரிசார்ட்டில் மட்டும் அறை கிடைக்கவில்லை. வெடிக்கப்போகிறது என்றதும் வெடிப்பதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு கூட்டம் ஏறி வந்தது.

அம்மாப்பேட்டையிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது.

"ஏனுங்க, பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி, மலை வெடிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

அக்கா அழுதாள். பழனியம்மாள் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். மலையைப் பார்க்கவா, பெண்ணைப் பார்க்கவா என்று தெரியவில்லை.

தினேஷைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி வந்தவர், இறங்கியதும் வீட்டுக்கு வரவில்லை. "முதல்ல சாமியைக் கேக்கறேன்" என்று நேராகச் சேர்வராயன் கோயிலுக்குப் போனார். நானும் கூடப் போனேன். குகைக்குள் குனிந்து நுழைந்தவர், கும்பிடுவதற்கு முன்னால் பாறையில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"சில்லுனுதான் இருக்குது" என்றார்.

"ஆமாங்க, பார்த்தீங்களா!" என்றேன்.

"அடுப்பை அணைச்சுட்டாக்கூடக் கல்லு சில்லுனுதாங்க இருக்கும். திரும்பப் பத்த வெக்க எத்தனை நேரமாகும்?"

வீட்டுக்குப் போனதும் முழுசாக விளக்குவதாக வாக்குக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

அடுப்பு நிற்கும், சட்டி நகரும்

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பூங்கொடி உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஆரம்பித்தேன்.

"பூமியோட மேல்தோலு ஒரே துண்டு இல்லீங்கம்மா. பல துண்டுங்க. ஒவ்வொண்ணும் மெல்ல நகந்துட்டே இருக்குது. விரல்ல நகம் வளர்ற வேகம்னு வெச்சுக்குங்க."

"நாம உக்காந்திருக்கற துண்டுமா?"

"ஆமாங்க. வடக்குப் பக்கமாப் போகுது."

பழனியம்மாள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். "தினேசு, நீயும் இறுக்கிப் புடிச்சுக்க சாமி."

"அதுக்கு அடியில, நொம்ப ஆழத்துல, சில இடத்துல மட்டும் சூடு மேல எழும்பிட்டே இருக்கும். அந்த இடம் அவ்வளவா நகராது. மேல இருக்கற தோலுதான் நகரும். சூடு தோலைப் பொத்துக்கிட்டு, பாறை குழம்பா உருகி மேல வந்தா, கடல் நடுவுல ஒரு தீவு முளைக்கும். தோலு நகர நகர, அந்தத் தீவு சூட்டை விட்டுத் தள்ளிப் போயிரும். அடுப்பு நிக்குது, சட்டி போயிருச்சு. சட்டி ஆறிப்போகும். அடுப்பு மேல அடுத்த சட்டி வரும். அதாவது அடுத்த தீவு."

"ஆறின தீவு என்னாகுமுங்க?" இது தினேஷ். பிரிட்ஜ் மெக்கானிக் ஆயிற்றே, ஆறிப்போவதில் அவனுக்கு அக்கறை இருந்தது.

"மழையும் அலையும் கரைக்கும். தன் பாரத்துல தானே அமுங்கும். சுத்தி வளர்ந்த பவளப் பாறை மட்டும் வளையமா நிக்கும். இன்னும் தள்ளிப் போனா அதுவும் முங்கிரும். அதனாலதான் அந்தத் தீவெல்லாம் வரிசையா இருக்குது. ஒரு கோடியில எரியற தீவு, அடுத்து ஆறினது, அடுத்து அமுங்கினது, கடைசியில கடலுக்குள்ளயே முங்கினது."

"தம்பி, போதும்டா" என்று அக்கா சன்னமாகச் சொன்னாள். அவளுக்கு என்னைத் தெரியும். நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இருபது வருஷ உத்தியோகத்தில் தூங்காமல் என் பாடத்தைக் கேட்டவர் பழனியம்மாள் ஒருவர்தான். எப்படி நிறுத்துவேன்?

"நம்ம நாடே ஒரு காலத்துல அப்படி ஒரு சூட்டு மேல போனதுதாங்க. மகாராஷ்டிரா பக்கம் கரிசல் பூமி இருக்குதே, அதுக்கு அடியில இருக்கற கல்லு பூரா அப்ப வழிஞ்ச குழம்பு. அப்புறம் லட்சத்தீவு, மாலத்தீவுன்னு தெக்கே வரிசையா அது விட்டுட்டுப் போன தடம். நடுவுல கடலடி பிளந்து பாகப்பிரிவினை ஆயிருச்சு. பழைய தீவுங்க நம்ம பங்குக்கு வந்துருச்சு. அடுப்பு ஆப்பிரிக்காக்காரங்க பங்குக்குப் போயிருச்சு. மொரீஷியஸுக்குப் பக்கத்துல ரீயூனியன்னு ஒரு தீவு. அங்கதான் இப்ப எரியுது. அந்தக் காலத்துல நம்ம சனங்களைக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல்ல கூட்டிட்டுப் போனாங்களே, அந்தத் தீவுங்க."

பழனியம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அட சாமி! நம்ம ஆளுங்களைத் தோட்ட வேலைக்குக் கூப்புடறவங்க, அடியில அடுப்பை மூட்டிட்டுத்தான் கூப்புடுவாங்களாட்டம் இருக்குது."

எஸ்டேட் ரைட்டரான என் மச்சானுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"அங்க இன்னிக்கும் தமிழாளுங்க தீ மிதிக்கறாங்களாமுங்க" என்றேன்.

"வாசல்லயே தீ இருந்தா மிதிக்காம என்னங்க பண்ணுவாங்க, பாவம்!" அவர் யோசித்தார். "சரி, அது அங்க போயிருச்சு. பின்னாலயே நம்மளைத் துரத்திட்டு வராதா?"

இந்தக் கேள்விக்குத்தான் மெழுகுவத்தி.

வகுப்பில் இதைச் செய்துகாட்டுவது வழக்கம். மெழுகுவத்தியை அசையாமல் வைத்து, அதன் மேலே தாளை மெதுவாக இழுப்பேன். தாளில் வரிசையாகக் கருகல் விழும். அதுதான் தீவு வரிசை. ஒரு முறை ஜன்னல் திரை பற்றிக்கொண்டதில் தலைமையாசிரியை என் வகுப்புக்கு மட்டும் நெருப்புக்குத் தடை போட்டார். அதற்குப் பிறகு ஊதுவத்தியால் ஒப்பேற்றி வந்தேன். அக்கா வீட்டில் தடை இல்லை. கரண்டு போனால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவத்தி அலமாரியில் இருந்தது. தாள்தான் தேவைப்பட்டது. கையை நீட்டினேன். ஒரு தாள் கிடைத்தது.

மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முதலாளி கொண்டுவந்த பரிசு

"வேற பத்திரிகை அடிச்சுக்கலாமுங்க அத்தை" என்றான் தினேஷ்.

"நல்ல காரியத்துக்கு வெச்ச தாளுல தீ பட்டுப்போச்சு. கிளம்பு" என்று பழனியம்மாள் எழுந்தார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மச்சான் என்னை முழுப்பெயர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் நின்றது. பூங்கொடியின் முதலாளி. மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு வாழ்த்த வந்திருந்தார். கையில் பெரிய பெட்டி. திறந்து நடுக்கூடத்தில் வைத்தார். பிளாஸ்டிக் எரிமலை. சுவிட்சைப் போட்டதும் உச்சியில் சிவப்பு விளக்கு மின்னியது.

பழனியம்மாளின் முகத்தைப் பார்த்து அவருக்கு ஏதோ புரிந்தது. புரிந்தது தப்பாகப் புரிந்தது.

"பயப்படாதீங்கம்மா. செத்த எரிமலைதானுங்க. சாரே சொல்லியிருக்கறாரு, வெந்த மலைன்னு."

"வாத்தியாரே?" என்று பழனியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வெந்தது வேற, எரிஞ்சது வேறங்கம்மா..." என்று மறுபடி ஆரம்பித்தேன்.

பூங்கொடி காப்பித் தட்டோடு சமையல்கட்டு வாசலில் வந்து நின்றிருந்தாள். முதலாளி அவளைப் பார்த்துச் சிரித்தார். "வா கண்ணு. விருந்தாளிங்களுக்குச் சொல்றதை அத்தைக்கும் ஒருக்கா சொல்லு. உன் வாயால கேட்டா நம்பிருவாங்க."

"அது ரிசார்ட்டுல சொல்றதுங்க ஓனர்" என்றாள் பூங்கொடி. "இது ஊடு."

"எரிமலை இல்லீங்க அத்தை. காலையில வர்றது மூடுபனி. செவப்பா தெரியறது ஓனர் மாட்டியிருக்கற லைட்டு. நான் தெனமும் சொல்றது பொய்யிங்க."

முதலாளியின் சிரிப்பு போய்விட்டது. "இதை வெளிய ஒருத்தர்கிட்டச் சொன்னா என் பொழப்பு என்னாகும்? நாளையிலருந்து நீ வர வேண்டாம்."

"சரிங்க" என்றாள். டம்ளர்களிலிருந்து காப்பி தளும்பித் தட்டில் வழிந்தது. அந்த வேலை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். குரலுக்காக அவளை நாலு பேர் திரும்பிப் பார்த்த இடம் அது ஒன்றுதான்.

பழனியம்மாள் நின்றபடியே கேட்டார். "பொய்யின்னு தெரிஞ்சே சொன்னயா கண்ணு?"

"ஆமாங்க."

"இன்னிக்கு மட்டும் எதுக்கு உண்மை? ஆமான்னு சொல்லியிருந்தா வேலையாச்சும் நின்னிருக்கும். நாங்க எப்படியும் கிளம்பிட்டோம்."

பூங்கொடி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கிளம்பாம இருந்தீங்கன்னா உங்க ஊட்டுல வந்து இருக்கணுமுங்களே. அங்கயும் லைட்டு மாட்டிக்கிட்டே இருக்க முடியுமுங்களா?"

தினேஷ் தரையைப் பார்த்தான். அவன் காது சிவந்திருந்தது. பழனியம்மாள் எழுந்த நாற்காலியிலேயே திரும்ப உட்கார்ந்தார். தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து, அடியைச் சேலைத் தலைப்பில் துடைத்து, ஒரு வாய் குடித்தார்.

"காப்பி நல்லாருக்குது" என்றார்.

அக்கா விசும்பினாள். அந்த வீட்டில் யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பழனியம்மாள் முதலாளி பக்கம் திரும்பினார். "நீங்க அந்தப் பொம்மையை எடுத்துட்டுப் போங்க. கண்ணைக் கூசுது." பிறகு மச்சானிடம்: "பத்திரிகை வேற அடிச்சிருங்க. வந்ததும் வாத்தியார் கையில மட்டும் குடுத்துராதீங்க."

கல்யாணமும் விண்கல்லும்

சேலத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் சீரைக் குறைவில்லாமல் செய்தேன். கற்பூரத் தட்டு மட்டும் என்னிடம் வரும்போது பக்கவாட்டில் ஒதுங்கி, அடுத்தவரிடம் போனது. யார் ஏற்பாடு என்று நான் விசாரிக்கவில்லை.

முதலாளி பலகையை மாற்றினார். ஏற்காடு ஏரி விண்கல் விழுந்து உண்டானது என்று இப்போது அங்கே எழுதியிருக்கிறது. லாவா தோசை, விண்கல் தோசை ஆகிவிட்டது. சட்னி பழையதுதான். சொல்வதற்கு ஆள்தான் நிலைக்கவில்லை. புதிதாக வந்த பெண்கள் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். விருந்தினர் நடுவிலேயே போனை எடுத்துவிட்டார்கள்.

பூங்கொடி சும்மா இருக்கவில்லை. தங்கும் வீடுகள் வைத்திருக்கும் சிலரிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தினரைக் காப்பித் தோட்டம் வழியாக மலை முனைக்கு நடத்திக் கூட்டிப் போகிறாள். தினேஷ் அவளைப் பைக்கில் மேலே கொண்டுவந்து விடுவான். கல்லைத் தொட்டுக்காட்டி, அது எவ்வளவு ஆழத்தில் வெந்தது என்று சொல்வாள். தீவுகள் முளைப்பதையும், தள்ளிப்போய் ஆறுவதையும், கடலில் முங்குவதையும் சொல்வாள். என் பாடம்தான் அது. ஆனால் அவள் சொன்னால் யாரும் தூங்குவதில்லை. எனக்கு அதில் பொறாமை உண்டு. பெருமை கொஞ்சம் அதிகமாக உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். கோயிலுக்கு வந்திருந்த பழனியம்மாளும் கூட்டத்தோடு ஏறி வந்தார். முனையில் நின்றபோது பனி விலகி, கீழே சேலம் வெயிலில் கிடந்தது. பூங்கொடி பேசி முடித்தாள். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒருவருக்கு மட்டும் ஏமாற்றம் தாங்கவில்லை.

"அப்ப இங்கே எரிமலையும் இல்லை, விண்கல்லும் இல்லை. எதுவுமே நடக்காத மலையா இது?"

பூங்கொடி பதிலுக்கு யோசிப்பதற்குள் பழனியம்மாள் முந்திக்கொண்டார்.

"ஆமாங்க தம்பி. அதை நல்லா விசாரிச்சுட்டுத்தான் இந்த ஊருல பொண்ணு எடுத்தோம்."